பூட்டு அண்ணாச்சியும் என் செருப்புச் சேறும்

எங்கள் ஆபீஸ் வரைபடத்தில் ஒரு குளத்தை ஓரடி நகர்த்த வேண்டும் என்றால், கடவுளே வந்தாலும் பூட்டு அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கடவுளுக்கும் 'பார்க்க மட்டும்' என்றுதான் கொடுத்திருப்பார்.

தென்காசியில் ஒரு மாடியில் ஆபீஸ். குளம், ஓடை, சாலை, வயல் என்று ஊரையே அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் வேலை. எதை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற சாவி முழுக்க அண்ணாச்சி கையில். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மேனேஜர் வந்த முதல் நாளே எல்லாவற்றையும் திருத்தும் உரிமை கேட்டார்.

"தாராளமா பாருங்க சார்."

"பாக்குறதுக்கு இல்ல அண்ணாச்சி, திருத்துறதுக்கு."

"மொதல்ல நல்லா பாத்து முடிங்க சார்."

மூன்று வருஷமாக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திருத்த அனுமதி வேண்டுமென்றால் ஒரே பரீட்சைதான். செருப்பைக் கழற்றி அண்ணாச்சி மேசையருகே வைக்க வேண்டும். அடியில் அந்த இடத்துச் சேறு இருந்தால் அனுமதி. சாயங்காலமே அதையும் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்.

பாவூர்சத்திரம் பக்கம் ஒரு ஓடை. வெயில் காலத்தில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அது வண்டிப்பாதையாகத் தெரிந்தது. அதன் குறுக்கே புதுச் சாலை போடுகிறவர்கள் எங்கள் வரைபடத்தைக் கேட்டிருந்தார்கள். ஓடை என்று இருந்தால் பாலம் கட்டுவார்கள். பாதை என்று இருந்தால் மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள். பாதைதான் என்று நான் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன்.

"போயி பாத்துட்டு வாலே" என்றார் அண்ணாச்சி.

கிளம்பினேன். ஆனால் சீசன் நேரம், சாரல் வேறு. பைக் தானாகக் குற்றாலம் பக்கம் திரும்பிவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றேன். திரும்புகிற வழியில் ஒரு வயலோரம் இறங்கி, செருப்பைச் சேற்றில் நன்றாக முக்கினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைந்தேன்.

அண்ணாச்சி செருப்பைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஓடைல எல்லாரும் எண்ண தேச்சுல்லா குளிக்காவ போல?"

"அங்கன அப்படித்தான் அண்ணாச்சி."

"அருவி நல்லா விழுதோ?"

செருப்பைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"ஏலே, நீ பாதைன்னு போட்டுட்டா மழத்தண்ணி எங்கன போவும்? வயலுக்குள்ளதான் போவும். அது யாரு வயலுன்னாவது தெரியுமாலே ஒனக்கு?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் காது சுட்டது. மறுநாள் நிஜமாகவே போனேன். நான் பாதை என்று அடித்துப் பேசிய இடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அளக்க வந்தியளா தம்பி? இங்கன ரோடு வருதாம்லா. தண்ணி போவ எடம் விடச் சொல்லுங்க. இல்லன்னா எங்க நெல்லு அம்புட்டும் அழுகிரும்."

அன்றைக்குச் செருப்பை முகர்ந்து பார்த்த அண்ணாச்சி எனக்குத் திருத்த அனுமதி கொடுத்தார். வரைபடத்தில் ஓடை ஓடையாகவே போனது. பாலமும் கட்டினார்கள்.

போன மாதம் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். கம்ப்யூட்டரில் இருந்த அவருடைய கணக்கை உடனே நீக்கச் சொன்னார் மேனேஜர். வரைபடத்தில் ஒரு குளமாவது ஒருவர் பெயரில் சொந்தமாகப் பதிவாகியிருந்தால் அவரை நீக்க எங்கள் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். அப்படி மறுக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் பட்டனை அழுத்தினேன். ஒரே நொடியில் போய்விட்டார். "ஆளு பேர்ல சொந்தம் வைக்காதலே. ஆளு போயிருவான், ஓடை இங்கனதான் கெடக்கும்" என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் ஆபீஸின் பொதுக் கணக்கில் வைத்திருந்தார். ஊரையே பூட்டி வைத்திருந்த மனுஷர் தன் பெயரில் ஒரு வாய்க்கால்கூட வைத்துக்கொள்ளவில்லை.

சாவி இப்போது என்னிடம். போன வாரம் அந்தப் பாலத்தை வரைபடத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேட்க ஆளில்லை. ஆனாலும் செருப்பைப் படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். பதில் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் கீபோர்டைத் தொடவில்லை.

"சேறு சரிதான். திருத்திக்கோலே."