பருத்திப்பட்டுக் குளிரும் பாபுவின் என்ஜினும்

"மார்கழி 3, காலை. சி பிளாக் கீழ்த்தளத்தில் யாரோ பைக்கை நிறுத்தி வைத்து ஓடவிட்டுப் புகை கிளப்புகிறார். இது குடியிருப்பு. கொசு மருந்து அடிக்கும் இடமல்ல. செயலாளர்."

ஆவடி பக்கத்துப் பருத்திப்பட்டில் இருக்கும் எங்கள் அடுக்கக வாட்ஸாப் குழுவில் வந்த இந்த அறிவிப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. (நாள் கிழமையோடு எதையும் பத்திரப்படுத்துவது என் குணம்.) அந்த 'யாரோ' யார் என்பது சி பிளாக் பூனைக்குக்கூடத் தெரியும். பெயரைப் போட்டுத் திட்டியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்தச் செயலாளரைப் படியில் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கடிபடுகிறது. ஆனால் அவர் மேல் வந்த கோபம் கொசுறுதான். முழுக் கோபமும் என் மேல்.

ஒன்றும் தெரியாதவனை நம்பி என்ஜினை விடலாம், பயந்துபோய்த் தொடாமல் இருப்பான். நிறையப் படித்தவனை நம்பி விடவே கூடாது.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அப்பா ராணுவ வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சம்பளக் கணக்குப் பிரிவில். ஆனாலும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு, என்ஜின் நம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று. எதிர்வீட்டு மாமா மலை எல்லைக்குப் போய் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தவர். பனியில் உறைந்த என்ஜினுக்குக் கம்பளி போர்த்தி, குளிர்காற்று உள்ளே புகாமல் முன்பக்கம் தார்ப்பாய் கட்டிக் கிளப்பிய கதையை அவர் சொல்லச் சொல்ல, நான் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். வாயை அப்போதே மூடியிருக்க வேண்டும்.

பாபு என் மனைவி உமாவின் தம்பி. சேக்காட்டில் குடியிருந்துகொண்டு, பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தான். பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்றை வாங்கி, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, அதன் என்ஜினை ரேஸுக்காகப் புதிதாகவே கட்டினான். புது பிஸ்டன், புது சிலிண்டர் பிளாக், எல்லாம் அவன் கையாலேயே தேய்த்து இழைத்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ட்ராக்கில் ஞாயிற்றுக்கிழமை போட்டி. வண்டி ஒழுங்காக ஓடினால் ஒரு ரேஸ் டீம்காரர் இவனை மெக்கானிக்காக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில் பட்டறை முதலாளியிடம் "உன் வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்று சொல்லிவிட்டும் வந்திருந்தான். திரும்பிப் போக வழியில்லை.

அவன் சந்தில் வண்டி நிறுத்தக் கூரை இல்லை. அதனால் அந்த வாரம் எங்கள் அடுக்ககத்தில் கொண்டுவந்து விட்டான்.

"மாமா, புது இன்ஜின். நீ ஒண்ணியும் பண்ணாத. சும்மா நிக்கட்டும்."

"மார்கழிப் பனிடா பாபு. புது என்ஜினுக்குக் குளிர் ஆகாது."

"இன்னாது, குளிரா? எங்க கீது மாமா குளிரு?"

நியாயமான கேள்வி. ஃபேனை இரண்டில் வைத்துத் தூங்குகிற குளிர்தான் பருத்திப்பட்டுக் குளிர். ஆனால் நான் அன்றிரவே கைபேசியில் ஒரு வெளிநாட்டுக்காரரின் வீடியோவைப் பார்த்துவிட்டேன். முழங்கால் பனியில் நின்றுகொண்டு, குளிரில் புது என்ஜினை எப்படிக் காப்பது என்று பேசினார். அவர் தாடியில் பனிக்கட்டி தொங்கியது. நான் லுங்கியும் பனியனுமாக, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். (அந்தத் தாடிக்காரர் மட்டும் ஆவடி ரயிலடியில் என் கண்ணில் படட்டும்.)

மறுநாளிலிருந்து காலையில் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றினேன். புகை மாடிக்குப் போனது, அறிவிப்பு வந்தது. ராத்திரியில் எங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த ரஜாய்ப் பஞ்சுப்போர்வையைப் போர்த்தினேன்.

"ஏங்க, பொண்ணுக்கு ஒரு நாளாவது இப்படிப் போத்தி விட்டிருக்கீங்களா?" என்றாள் உமா.

சனிக்கிழமை பாபு போன் செய்தான். விடிகிறதற்குள் ட்ராக்குக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும், முன்னாடியே போய்விடுகிறேன் என்றான். "புது இன்ஜின் கொஞ்சம் மெதுவா ஓடிப் பழகணும் மாமா. நீ ஓட்டிகினு வந்துடு. முறுக்காத, அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவன் சொன்னதோடு நான் நிறுத்தியிருக்கலாம். காலைக் காற்றில் அவ்வளவு தூரம் ஓடப்போகிற புது என்ஜின்! எதிர்வீட்டு மாமாவின் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. தார்ப்பாய் இல்லை, பரணில் டேபிள் ஃபேன் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. அளவெடுத்து வெட்டி, என்ஜினின் முன்னாலும் இரண்டு பக்கமும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். தையற்காரர் கெட்டார் போங்கள்.

பைக் என்ஜின் தகடு தகடாக இருப்பது ஏன், ஓடும்போது அடிக்கிற காற்று அந்தத் தகடுகளில் பட்டு அதைக் குளிர்விக்கத்தான் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இதுதான் இன்றுவரை ஆறவில்லை. தெரிந்தே கட்டினேன்!

ஞாயிற்றுக்கிழமை காலை, பூந்தமல்லி தாண்டியதும் முழங்காலில் கதகதப்பாக இருந்தது. 'என்ஜின் சுகமாக இருக்கிறது' என்று மகிழ்ந்தேன். செம்பரம்பாக்கத்தில் காகிதம் கருகும் வாடை வந்தது. குப்பை எரிக்கிறார்கள், நாட்டில் பொறுப்பே இல்லை என்று ஊரைத் திட்டினேன். அப்போது 'கிர்ர்ர்' என்று ஓர் அலறல். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. நானும் வண்டியும் தனித்தனியாகச் சறுக்கி ஒரு டீக்கடை முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

"அண்ணாத்தே, வண்டி எரியுது!" என்று கத்திய டீக்கடைக்காரர், கிளாஸ் கழுவுகிற வாளியைத் தூக்கி என்ஜின் மேல் ஒரே வீச்சாக ஊற்றினார். 'டணார்' என்று ஒரு சத்தம். பிறகு ஆவி மட்டும்தான்.

நான் போன் செய்ததும், யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு பாபு வந்தான். விரிசல் விட்ட பிளாக்கைப் பார்த்தான். எரியாமல் மிஞ்சிய அட்டைத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"ஃபேன் டப்பா. மாமா, ஃபேன் டப்பாவ வச்சி காத்த அடைச்சிகீற நீ."

"குளிருக்கு..."

"நைனா, வாயத் தொறக்காத. அக்கா மொகத்துக்காக வுடறேன்."

போட்டி அவன் இல்லாமல் நடந்தது. டீம்காரர் வேறு பையனை எடுத்துக்கொண்டார். பாபு பழைய முதலாளி வாசலில் போய் நின்றான். அவர் சேர்த்துக்கொண்டார், ஆனால் ஒரு மாதம் பஞ்சர் மட்டும் போடச் சொன்னார். பிளாக் இழைக்கக் கற்றுக்கொண்ட கை, ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்தது. அந்தக் கையை நினைத்தால், சொன்னதைக் கேட்கத் தெரியாத என் படிப்பையெல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்தலாம் போலிருக்கிறது.

இப்போது பாபுவுக்குத் திருவேற்காட்டில் சொந்தப் பட்டறை. என் ஸ்கூட்டருக்கு அங்கே அனுமதி உண்டு, எனக்கு வாசல் வரைதான். எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது அக்கறையாகச் செய்ய எழுந்தால், "சும்மா உட்காரு, மாமா மாதிரி காப்பாத்திடாதே" என்கிறார்கள். என் மகள் தன் கணவனிடம் இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. என்ஜினைக் கொன்றது என் அட்டையா, டீக்கடைக்காரரின் வாளித் தண்ணீரா? அட்டை பிஸ்டனை மட்டும்தான் சூட்டில் இறுக வைத்தது, பிளாக்கைப் பிளந்தது தண்ணீர் என்பது என் கட்சி. இரண்டுக்கும் முன்னாலேயே அது செத்துவிட்டது, ரஜாயிலேயே மூச்சு முட்டியிருக்கும் என்பது உமாவின் கட்சி. பிரித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். பாபு பிரிக்கவில்லை. அப்படியே தூக்கிக் காயலான் கடையில் போட்டுவிட்டான். ஆகவே இது இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல்.