முதலாம் அரையாண்டுக் கன்னக் கூட்டம்

மனித குலம் எத்தனையோ மாபெரும் கூட்டங்களைக் கூட்டியிருக்கிறது. போரை நிறுத்தக் கூடியிருக்கிறது, எல்லையைப் பிரிக்கக் கூடியிருக்கிறது, அடுத்த கூட்டம் எப்போது என்று தீர்மானிப்பதற்காகவும் கூடியிருக்கிறது. ஆனால் ஒரு பெண்பிள்ளை கம்பஸில் எந்தக் கிழமை எந்த வகுப்புக்குப் போவது என்று முடிவெடுக்க, வவுணதீவில் வட்டை விதானையார் யோகராசாவின் வளவுக்குள் கூடிய கூட்டத்துக்கு ஈடாக ஒன்றை வரலாற்றில் தேடினாலும் கிடைக்காது. இதுவரை யாரும் தேடவில்லை என்பது வேறு விஷயம்.

யோகராசாவை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வட்டை என்பது ஒரு வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்வெளி. அந்த வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பிரித்து விடுகிறவர் விதானையார். ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் உத்தியோகத்தர்களும் வெள்ளாமைக்காரர்களும் கன்னக் கூட்டத்தில் கூடுவார்கள். எப்போது விதைப்பது, எத்தனை மாத நெல் போடுவது, வட்டைக்குள் நிற்கும் மாடுகளை எந்தத் திகதிக்குள் அகற்றுவது, யாருக்கு எப்போது தண்ணீர் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். அந்தக் கூட்டங்களில் யோகராசா ஒரு சிங்கம்.

சிங்கம் ஒருகாலத்தில் கடைசி வயல்காரராக இருந்தது. வாய்க்காலின் வால் முனையில் அவருடைய காணி. தண்ணீர் வந்து சேரவில்லை என்று கன்னக் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது, மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் ஒருவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "அடுத்த போகத்தில பாப்பம்" என்றார். வெள்ளாமை கருகியது. உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்று எங்கோ போய்விட்டார். "அந்த ஆள எங்க கண்டாலும் கழுத்தில பிடிச்சு வாய்க்காலுக்குள்ள இறக்குவன்" என்று யோகராசா சொல்லாத கலியாணவீடு அந்தப் பக்கத்தில் கிடையாது.

விதானையாரானதும் அவர் செய்த முதல் வேலை ஒரு விதி வைத்ததுதான். தண்ணீர் முதலில் கடைசி வயலுக்கு. கூட்டத்தின் முடிவில் கடைசி வயல்காரர் எழுந்து "எனக்கும் முறை கிடைச்சிருக்கு" என்று வாயால் சொல்லவேண்டும். சொல்லும்வரை யோகராசா அறிக்கையில் கையொப்பம் வைக்கமாட்டார். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஊர் இன்னும் சிலை வைக்காதது ஊரின் கவலையீனம்.

இவருடைய ஒரே மகள் தக்ஷாயினிக்குப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இடம் கிடைத்தது. புதிய மாணவர்கள் தங்கள் பாடங்களைத் தெரிவுசெய்து, திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. பிள்ளை ஒரு பின்னேரம் இருந்து யோசித்து, இரண்டு நிறப் பேனையால் நேரசூசி கீறிக்கொண்டு வந்து தகப்பனிடம் நீட்டினாள்.

"இதென்ன புள்ள?"

"நேரசூசி அப்பா. பாடமெல்லாம் தெரிஞ்செடுத்திற்றன். புவியியல்தான் முதல்."

"இதுக்கு எங்க கூட்டம் போட்ட?"

"கூட்டமா? நான்தான் இருந்து யோசிச்சன்."

"தனியவா?"

யோகராசா நேரசூசியை வாங்காமலே எழுந்துவிட்டார். தன் வட்டையில் எலிக்கு மருந்து வைப்பதற்கே தீர்மானம் நிறைவேற்றுகிற மனிதர் அவர். தன் கூரைக்குக் கீழேயே ஒரு சர்வாதிகாரம் முளைவிட்டிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

தக்ஷாயினிக்கு ஏன் புவியியல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன மாரிக்காலத்தில் வட்டையின் கடைசியில் வெள்ளம் வாவிக்கு வடியாமல் நின்று நெல்லை அழுகவைத்தது. அது ஏன் வடியவில்லை என்று பாடசாலையில் வரைபடத்தை விரித்துத் தேடினாள். அவர்களுடைய வட்டை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சை நிறம் பூசியிருந்தது. அந்தப் பச்சைக்குள் வாய்க்காலையும் வடிகாலையும் தானே கீறவேண்டும் என்று அன்று பிடித்த பிடிவாதம் அவளை விடவில்லை. அதே வடிகாலுக்காகத் தகப்பன் அரசாங்கக் கந்தோர்களுக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் "வரைபடம் இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கவும்" என்று பதில் வரும். இந்த இரண்டு விஷயங்களும் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு தின்றும், யோகராசாவின் தலைக்குள் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் கூடியது. வெள்ளாமைக்காரர்களின் சங்கமான கமக்காரர் அமைப்பின் பிளாஸ்டிக் கதிரைகள் வந்து இறங்கின. தலைவர் யோகராசா. உறுப்பினர்கள் மூவர்: தாய் சுலோஜனா, சுலோஜனாவின் தமையனும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞருமான வினாயகமூர்த்தி, யோகராசாவின் அக்கா சீதேவிப்பிள்ளை. தக்ஷாயினியின் கையெழுத்து வடிவானது என்பதால் அவள் ஏகமனதாகச் செயலாளராகத் தெரிவுசெய்யப்பட்டாள். செயலாளர் எழுதலாம், தேத்தண்ணி ஊற்றலாம்; வாக்களிக்க முடியாது. கூட்டத்தின் சட்டமான யாப்பு அப்படி.

முதலாவது விடயம்: நெல்லினத் தெரிவு.

"புவியியல் எத்தின மாச நெல்லு மச்சான்?" என்று தலைவர் கேட்டார்.

வினாயகமூர்த்தி கண்ணை மூடிச் சிந்தித்தார். அவர் ஒரு பாடத்தைப் பார்த்தால் அதற்குப் பின்னாலிருக்கும் அரசாங்க உத்தியோகத்தைப் பார்த்துவிடுவார். உத்தியோகம் தெரியாவிட்டால் அவருக்குப் பாடமும் தெரியாது.

"அது காட்டு நெல்லு மச்சான். எப்ப கதிர் வரும், எப்ப வெட்டுற எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலா. அரசறிவியலப் போடுங்க. மூண்டரை மாச நெல்லு. போட்டிப் பரீட்சைக்குச் சரியா விளையும்."

சீதேவிப்பிள்ளைக்கு வேறொரு நியாயம் இருந்தது. "தம்பி, நாளைக்குக் கலியாணம் பேசி வாறவங்க பொண்ணு என்ன படிக்கா எண்டு கேட்டா என்ன சொல்லுற? மண்ணப் பத்திப் படிக்கா எண்டா சொல்லுற? இந்து நாகரிகம் எண்டா கேக்கவே ஒரு மரியாத."

"மாமி, மண்ணும் தண்ணியும் இல்லாம..." என்று தக்ஷாயினி தொடங்கினாள்.

"செயலாளர் குறுக்கிட ஒண்ணா" என்றார் தலைவர். மகளிடம் அவருக்கு அன்பு இல்லாமலில்லை. ஒழுங்குவிதி அன்புக்கு முந்தியது. "ஆசைப்பட்டுக் கேக்குற புள்ள, விடுங்களன்" என்று சுலோஜனா மெதுவாகச் சொன்னாள். அதற்காகவே தலைவர் ஒரு சலுகை அளித்தார். அரசறிவியலும் இந்து நாகரிகமும் நிச்சயம். தண்ணீர் மிஞ்சினால், அதாவது நேரம் மிஞ்சினால், புவியியலையும் விதைக்கலாம். தக்ஷாயினி அதை எழுதி, "மிஞ்சினால்" என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டாள்.

இரண்டாவது விடயம்: மாடு அகற்றல். வளரும் பயிரை மேயக்கூடியது கைபேசி என்று கூட்டம் இனங்கண்டது. பொழுது பட்டதும் அதைக் கட்டிவைக்க வேண்டும் என்று வினாயகமூர்த்தி பிரேரித்தார்.

"கட்டினா கட்டாரில இரிக்கிற என்ர மகன ஆரு எனக்கு எடுத்துத் தாற?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

"என்ர கரண்டு பில்லையும் அவள்தானே அதுக்குள்ளால கட்டுற" என்பது பிரேரித்தவருக்கே அப்போதுதான் நினைவு வந்தது. மாட்டுக்காரர்கள் மாட்டை அகற்ற வாக்களித்ததாகச் சரித்திரம் இல்லை. குடும்பத் தேவைகளுக்காக மாடு மேயலாம், செயலாளரின் சொந்தத் தேவைகளுக்காக மட்டும் மேயக்கூடாது என்று தீர்மானம் திருத்தி நிறைவேற்றப்பட்டது.

மூன்றாவது விடயம்தான் உயிர்நாடி: தண்ணீர்ப் பங்கீடு. ஆங்கிலமும் கணினியும் கட்டாயம் என்று கம்பஸ் சொல்லியிருந்ததால், கூட்டம் அவற்றைப் பெருந்தன்மையோடு அனுமதித்தது. மீதி நேரத்துக்குத்தான் முறை வைக்கவேண்டியிருந்தது.

"புதன்கிழம எனக்குக் கிளினிக்கு" என்றாள் சீதேவிப்பிள்ளை. "தனியப் போனா எந்த வாசலால வாற எண்டு தெரியாம கிறுகிக்கொண்டு நிப்பன். புள்ள வேணும்."

புதன் போயிற்று. ஆசைப்பட்டுக் கேட்கும் பிள்ளைக்காகப் பரிந்து பேசிய சுலோஜனா, பேசிய வாய் காயுமுன் செவ்வாயைக் கேட்டாள். மாதர் சங்கக் கூட்டத்துக்கு எழுத ஆளில்லை. வினாயகமூர்த்தியின் கடைக்குட்டிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வெள்ளி. அரசறிவியலும் இந்து நாகரிகமும் திங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. அதை ஏறி நிற்பவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று கூட்டம் மேலே சென்றது. வியாழன் பின்னேரம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. தக்ஷாயினி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி மணி அடித்தது. அவளோடு அதே பீடத்துக்குத் தெரிவான ஏறாவூர் நிஸ்றா.

"ஸ்பீக்கரில போடு" என்று தலைவர் கட்டளையிட்டார்.

"தக்ஷா, நீ இன்னும் பதியலயா? புவியியலுக்கு இடம் முடியப்போகுதாம் புள்ள. வியாழன் பின்னேரம்தான் வரைபடம் கீறுற பிறக்டிகல். அதுக்கு வர ஏலாட்டி அந்தப் பாடமே தரமாட்டாங்களாம்."

"மகள், நான் தக்ஷாட அப்பா. அந்த வகுப்ப வேற நாளைக்கு மாத்தச் சொல்லி ஒரு கூட்டம் போட ஏலாதா?"

"அங்கிள், அது எல்லாருக்கும் உள்ள நேரம்" என்றாள் நிஸ்றா. "உங்கட வீட்டுக் கலண்டர் இல்லயே."

பொறுப்பற்ற பதில் என்று கூட்டம் கருதியது. யோகராசா தொண்டையைச் செருமினார்.

"வியாழன் பின்னேரம் தலைவருக்கு வேணும்" என்றார். "கந்தோருக்கு வடிகால் விண்ணப்பம் எழுதுற நாள் அது. நான் சொல்லச் சொல்ல ஆரு எழுதுற?"

"அப்பா, அவங்க ஒவ்வொரு முறையும் வரைபடம்தானே கேக்காங்க?"

"அவங்க கேப்பாங்க. நாம எழுதிக்கொண்டே இரிக்கணும். அதுதான் போராட்டம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புவியியலுக்கு நேரம் மிஞ்சவில்லை. உள்ளேயிருந்து மீன்குழம்பு மணந்தது. கதிரைகள் அசையத் தொடங்கின. யோகராசா பேனையைக் கையில் எடுத்ததும், பழக்கதோஷம் முந்திக்கொண்டது. எத்தனை வருஷப் பழக்கம்!

"கடைசி வயல்காரர் ஆரு? எழும்பிச் சொல்லுங்க. முறை கிடைச்சதா?"

ஒருவரும் எழவில்லை. சீதேவிப்பிள்ளை புதனோடு இருந்தாள், சுலோஜனா செவ்வாயோடு, வினாயகமூர்த்தி வெள்ளியோடு. தக்ஷாயினி கொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நான்தான் அப்பா. எனக்குக் கிடைக்கல்ல."

வேலிக்கு அப்பால் யாரோ உழவு இயந்திரத்தை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. சுலோஜனா சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

"மச்சான், செயலாளர் எப்பிடி ஒரு வயலாகலாம்?" என்று வினாயகமூர்த்தி சட்டப் பிரச்சினை கிளப்பினார்.

யோகராசா மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்றே நம்புவோம். கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தபடி, ஆதரவான குரலில்தான் சொன்னார்.

"அடுத்த போகத்தில பாப்பம், புள்ள."

தக்ஷாயினி கொப்பியைக் கையிலெடுத்து உட்கார்ந்தாள். செயலாளரின் கடமை, சொன்னதைச் சொன்னபடி எழுதுவது. எழுதிவிட்டு, யாப்பின்படி கூட்டத்துக்கு வாசித்தும் காட்டினாள்.

"கடைசி வயலுக்கு முறை கிடைக்கவில்லை என்று முறையிடப்பட்டது. ‘அடுத்த போகத்தில பாப்பம்.’ சொன்னவர்: தலைவர்."

வாசித்த குரலில் அழுகை இல்லை. கொப்பியைத் தகப்பனின் மடியில் வைத்து, கையொப்பமிடும் இடத்தை விரலால் காட்டினாள்.

"கையொப்பத்த வையுங்க மச்சான், பசிக்குது" என்றார் வினாயகமூர்த்தி.

யோகராசா அந்த வரியை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். இத்தனை காலமாக, ஊர் ஊராக, கலியாணவீடு கலியாணவீடாக அவர் தேடிக்கொண்டிருந்த அந்த உத்தியோகத்தரைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். ஆள் எங்கும் போகவில்லை. கமக்காரர் அமைப்பின் பிளாஸ்டிக் கதிரையில், தலையை நிமிர்த்தாமல் இருந்தார். ஆனால் சொன்ன சொல்லின்படி விதானையார் அவருடைய கழுத்தைப் பிடிக்கவில்லை. கையொப்பத்தை வைத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு சோறு தின்ன எழுந்து போனார்.