ரைட்டரின் பச்சைப் புள்ளி

அன்பழகன் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் அவனுடைய கைப்பேசி சிவந்து போயிருந்தது. "சென்ற புதன்கிழமை, தொற்றுள்ள ஒருவருக்கு அருகில் நான்கு மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். அவர் பெயரும் உங்கள் பெயரும் ரகசியமாகக் காக்கப்படும்" என்றது கொரோனாச் செயலி.

ரகசியத்தைக் காத்த லட்சணம், அரை மணி நேரத்தில் தலைச்சோலை முழுக்கத் தெரிந்துவிட்டது. சுகாதார நர்ஸ் கலா வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினாள். அவள் வந்த ஜீப்பில் ஒலிபெருக்கி வேறு: "எஸ்டேட் ரைட்டர் அன்பழகன் வீட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம்!"

"ஏம்மா, பேரு ரகசியம்னு போட்டிருக்குதே?"

"ஆமாங்க. அதனாலதான் உங்கப்பா பேரைச் சொல்லலைங்க."

அவன் மனைவி பானு காப்பி டம்ளரோடு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். "ஏனுங்க, புதன்கிழமை நாலு மணி நேரம் யாரு கூடங்க இருந்தீங்க?"

புதன்கிழமை என்ன, மூன்று மாதமாகவே அன்பழகன் காப்பி எஸ்டேட்டுக்குள் காலை வைக்கவில்லை. ஊரடங்கில் பூட்டிக் கிடந்த ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றில், காவல்காரன் சக்திவேலோடு ரம்மி ஆடிக்கொண்டிருந்தான். எஸ்டேட் துரை ஸ்தனிஸ்லாஸ் சேலத்தில் உட்கார்ந்தபடி, ஆள் எங்கே நிற்கிறார் என்று காட்டும் எஸ்டேட்டின் தனிச் செயலியைப் பார்ப்பார். ஆள் கணக்கு எழுதும் ரைட்டரின் பச்சைப் புள்ளி காப்பிச் செடிகளுக்கு நடுவே நகர்ந்தால் ரைட்டர் வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். மனிதனை விட்டுப் புள்ளியை நம்புகிறவருக்குப் புள்ளியைக் கொடுத்தால் போதாதா? காலையில் போனைத் தோட்டத்து ஆள் சின்னையனிடம் கொடுத்து, "பையில போட்டுக்கிட்டுத் தோட்டத்தைச் சுத்து, ஆள் கணக்கையும் எழுதிரு" என்பான், சாயங்காலம் வாங்கிக்கொள்வான். சின்னையனுக்கு எழுதத் தெரியுமா என்று கேட்கும் சிரமத்தைக்கூட அவன் எடுத்துக்கொண்டதில்லை.

துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். கூடவே எஸ்டேட் கொடுத்த இந்த வீடும் போகும்.

"யாரு கூட இருப்பேன்? எஸ்டேட்டுலதான் இருந்தேன்" என்றான்.

கலா பேனாவைத் திறந்தாள். "அப்பப் பழம் பறிக்கற நாப்பது பேரையும் ஊட்டுல உக்கார வெக்கோணுங்க. தோட்டத்தைப் பதினாலு நாளைக்குப் பூட்டிரலாமுங்க."

பழம் பழுத்துக் கொட்டுகிற நேரம். துரை தோலை உரித்துவிடுவார். "இல்லைங்க, மறந்து சொல்லிட்டேன். அன்னைக்கு பேங்க்குல இருந்தேன்."

"நாலு மணி நேரமுங்களா?"

"கூட்டமுங்க!"

கலா போனை எடுத்துப் பேசினாள். பத்து நிமிடத்தில் பேங்க் ஷட்டர் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. மேனேஜர் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்ற தகவலும் கூடவே வந்தது.

"ஐயோ, பேங்க்குக்குள்ள போகலைங்க! கூட்டத்தைப் பாத்துட்டு நம்ம கோயிலுக்குப் போயிட்டேன்."

"பூசாரி வயசானவருங்களே. அவரை ஆஸ்பத்திரிக்கே அனுப்பிரோணுங்க" என்று ஆம்புலன்சுக்குச் சொன்னாள் கலா.

"பூசாரி எங்க பெரியப்பாருங்க" என்றாள் பானு, காப்பியை ஆற்றிக்கொண்டே. "உங்களைக் கண்டே ஆறு மாசமாச்சுன்னு நேத்துத்தான் நொம்பக் கொறைப்பட்டாருங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. "கோயில் இல்ல புள்ள, மஞ்சக்குட்டையில அக்கா ஊடு!"

"அக்கா திருப்பூருக்குக் குடி போயி அஞ்சு வருசமாச்சுங்களே."

வேலிக்கு அந்தப் பக்கம் கூடியிருந்த எஸ்டேட் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாஸ்க் கொண்டுவர மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் அந்தப் புத்திசாலி.

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பூசாரியை வண்டியில் ஏற்றினால் பானுவின் பிறந்த வீட்டு ஆட்கள் தடியோடு வருவார்கள். அன்பழகன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பூசாரியை விட்டுருங்க! அன்னைக்கு எங்கிட்டப் போனே இல்லைங்க. நான் லாட்ஜுல ரம்மி ஆடிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு மட்டும் இல்ல, மூணு மாசமாவே அப்படித்தான். போனு சின்னையன்கிட்ட இருந்துச்சு. தொற்று அவனுக்குத்தான் வரும், எனக்கு எதுக்கு வருது?"

சொல்லி முடித்ததும் அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

பானு கத்தவில்லை. "ரம்மியிலயாவது கெலிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"உன் கால்ல வேணும்னாலும் உழுவறேன் பானு, தொரை காதுக்குப் போகக்கூடாது. ரைட்டர் வேலை போச்சுன்னா நாம தெருவுலதான் நிக்கோணும்."

பானு டம்ளரைக் கழுவ உள்ளே போனாள்.

கலா ஆள் அனுப்ப, சின்னையன் வந்து வேலிக்கு அப்பால் தள்ளி நின்றான்.

"புதன்கிழமை ரைட்டர் போனு உங்ககிட்டத்தானுங்களே இருந்துச்சு? உங்களைத்தான் பதினாலு நாள் உக்கார வெக்கோணும்" என்றாள் கலா.

சின்னையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"எங்கிட்ட எங்கீங்க இருந்துச்சு? எனக்குத்தான் எழுதத் தெரியாதுன்னு மொத நாளே தொரைகிட்டச் சொல்லிப்போட்டனுங்க; அவரும் அன்னைக்கே ரைட்டரய்யா பேரை அடிச்சுட்டு நம்ம பானு அம்மணியை ரைட்டராப் போட்டுட்டாரு, மூணு மாசமா போனும் அவங்க கையிலதானுங்க, அந்தப் பச்சைப் புள்ளி அவங்கதானுங்களே!"