பராகுவேயின் ஒற்றைக் குழல்

ஊரே வாய் வைத்து உறிஞ்சும் ஒரே குழலில், நாலு வயதுகூட ஆகாத நம் பிள்ளையும் வாய் வைத்தால் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

குழலுக்குச் சொந்தக்காரர், எங்கள் தெருவே ‘பராகுவே’ என்று கூப்பிடும் பெரியவர். முட்டத்தில் அவரைப்போல் இன்னொருவர் பிறந்திருந்தால் கடல் பயந்து பின்வாங்கியிருக்கும். வாலிபத்தில் தென்னமெரிக்காவில் ஆற்றுச் சரக்குப் படகு வேலைக்குப் போனவர், காய்ச்சலில் விழுந்து பராகுவே நாட்டின் என்கர்நாசியோன் என்ற ஊரில் இறக்கிவிடப்பட்டார். சில மாதங்களில் உடம்பு மட்டும் முட்டத்துக்குத் திரும்பி வந்தது. ஆள் இன்னும் அங்கேதான்.

“சேசு சபைச் சாமியாரு குருசு நட்டு உண்டாக்குன ஊரு, கேட்டியா மக்ளே? நமக்கும் வேதம் சொன்னது அவியதான். அப்ப அந்த ஊருக்காரனுவ நமக்குச் சொந்தம்லா!” என்பார்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், உச்சிவெயிலில் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று கை தட்டினார். பதறி ஓடினேன்.

“அங்க கை தட்டித்தான் கூப்பிடுவாவ.”

“இங்க பெல் இருக்கே மாமா?”

“அது பாவம், தூங்கட்டும்.”

சாயங்காலம் அவர் முற்றத்தில் சபை கூடும். அந்த நாட்டு வழக்கப்படி எல்லாரும் ஒரே குழலில் உறிஞ்சும் கஷாயத்துக்கு அவர் கொண்டுவந்த இலை தீர்ந்து யுகமாயிற்று. இப்போது தேங்காய்ச் சிரட்டையில் சுக்கு வெள்ளம் என்கிற சுக்குத் தண்ணீர். உலோகக் குழல் மட்டும் அசல். அவர் ஊற்ற, ஒருவர் உறிஞ்சிவிட்டுச் சிரட்டையைத் திருப்பிக் கொடுக்க, அடுத்தவருக்கு மறுபடி ஊற்றுவார்.

என் மகனுக்குப் பேச்சு வரவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ‘மா’, ‘தா’, பிறகு நான் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்த ‘தேங்க்ஸ்’. அவ்வளவுதான். நான் தூங்கிப் பல மாதமாகிறது.

ஒருநாள் அவன் அந்தச் சபையில் இருந்தான். வெற்றிலை மெல்லும் ஒரு கிழவருக்கு அடுத்து, அதே குழலில் வாய்! எனக்கு உயிர் போய்விட்டது.

“மாமா! கிருமி!”

“சுடுவெள்ளத்துல எந்தக் கிருமி மக்ளே நீந்தும்? பிள்ளைக்கு ஆத்தித்தான் குடுக்கேன்.”

“அப்போ கிருமிக்கும் ஆறியிருக்குமே!”

மகன் குடித்துவிட்டு, “தேங்க்ஸ்” என்றான். எனக்குப் பெருமை. அடுத்த சுற்றில் பராகுவே அவனைத் தாண்டிப் போனார்.

“தேங்க்ஸ் சொல்லிட்டாம்லா? அங்க தேங்க்ஸ்னா போதும்னு அர்த்தம். பெறவு ஊத்தப்படாது.”

“பச்சப் பிள்ள மாமா!”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

மறுநாளும் அவன் தேங்க்ஸ் சொன்னான்; மறுநாளும் தாண்டினார். உதடு பிதுங்க உட்கார்ந்திருந்தவனைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும், இனி இந்த வாசலை மிதிக்கவே கூடாது என்று கையை நீட்டினேன். அவன் என்னை உதறிவிட்டு, பராகுவேயின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு இன்னும் வேணும் தாத்தா!”

வெற்றிலைக் கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். பராகுவே ஊற்றினார், வெள்ளம் சிரட்டை நிரம்பி, அவர் கட்டியிருந்த சாரம் முழுக்க வழிந்தது. மனிதருக்குத் தெரியவே இல்லை.

இப்போது மகன் வாயை மூடுவதில்லை. நான் தினமும் அந்தக் குழலை வாங்கி வந்து கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன். அது போதுமா என்று இன்னும் பயம்தான்.

வாசகர்களே, அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. இந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வது? சொன்னால் ‘போதும்’ என்று எடுத்துக்கொள்வாரே. வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.