கரடி மார்க் ஜீரோ

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. நல்ல கரடி என்று அதுவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பெயர் சடையாண்டி. இலுப்பைப்பூவைப் பொறுக்கி மரப்பொந்தில் ஊறப்போட்டு, நுரைத்துப் புளித்ததும் மூங்கில் குப்பியில் அடைத்து விற்பது அதன் தொழில். குப்பியின் மேல் சிரிக்கிற கரடி முகம் ஒன்று இருக்கும். கரடி மார்க் சரக்கு என்றால் அந்தக் காட்டில் தெரியாதவர் கிடையாது.

காட்டுக்கு ராஜா ஒரு சிங்கம். நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது என்று கேட்காதீர்கள், வேறெங்கிருந்தோ மாற்றலாகி வந்தது. வந்த புதிதில் சுறுசுறுப்பாக ஒரு சட்டம் போட்டது. கொம்பு முளைக்காதவர்களுக்குச் சரக்கு விற்கக்கூடாது, சரக்கை விளம்பரம் செய்யவும் கூடாது. சட்டம் போட்ட களைப்பில் படுத்ததுதான், பிறகு சரியாக எழுந்திருக்கவே இல்லை. "எங்களுக்கு எந்தக் காலத்துல கொம்பு முளைக்கிறது?" என்று முயல்கள் போய்க் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சடையாண்டிக்குக் கவலை இல்லை. அதன் கவலையே வேறு. குடித்த மான் காதைத் தூக்கிக்கொண்டு நிற்காது. காதைத் தூக்காத மானைச் சிறுத்தை விட்டுவைக்காது. இப்படி நல்ல நல்ல வாடிக்கையாளர்களெல்லாம் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள். செத்துப்போகிற ஆட்களை நம்பி ஒரு கரடி எத்தனை காலம் கடை நடத்த முடியும்? புது ஆள் பிடிக்க வேண்டும். புது ஆட்களோ கொம்பு முளைக்காமல் புல்வெளியில் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சடையாண்டி யோசித்தது. ஜீரோ பிறந்தது.

அதே இலுப்பைப்பூ, அதே புளிப்பு, அதே நுரை, அதே குப்பி, அதே சிரிக்கிற கரடி. போதையை மட்டும் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். கரடி முகத்துக்குக் கீழே பெரிதாக ஒரு சுழி. இது சரக்கு இல்லை என்பதால் யாருக்கும் விற்கலாம், எங்கேயும் விளம்பரம் செய்யலாம்.

விளம்பரத்துக்கு மந்தியைப் பிடித்தார்கள். அந்தக் காட்டில் மந்தி சாதாரண ஆள் இல்லை. உச்சிக்கிளையில் உட்கார்ந்து சிறுத்தை வருகிறதா என்று பார்ப்பதும், வந்தால் கத்துவதும் அதன் வேலை. அந்தக் குரலைக் கேட்டதும் மான்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடும். அப்படி ஓடித்தான் அந்த மான் கூட்டம் இத்தனை தலைமுறையாக உயிரோடு இருந்தது. இதைவிட நம்பிக்கையான வாய் சடையாண்டிக்கு எங்கே கிடைக்கும்? சுற்றுலா வந்தவர்களிடம் பிடுங்கிய செல்போன் ஒன்று மந்தியிடம் ஏற்கெனவே இருந்தது. அதே உச்சிக்கிளையில் அதே குரலில், "போதை ஜீரோ! கெத்து நூறு!" என்று குப்பியை ஆட்டி ஆட்டி ரீல்ஸ் போட்டது. குட்டிகள் கீழே நின்று "மந்தி அக்கா! மந்தி அக்கா!" என்று துள்ளின.

குட்டிகளின் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்கு ஜீரோ. தோற்றவர்களுக்கு ஆறுதல் ஜீரோ. பல் முளைத்த விழாவுக்கு ஜீரோ. குப்பியைச் சாய்த்துப் பிடிப்பதும், நுரையை ஊதித் தள்ளுவதும், ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணைச் சொருகி "ஹா!" என்பதும் குட்டிகளுக்கு அத்துப்படி ஆகிவிட்டன.

அந்த மான் கூட்டத்தில் பூவாயி என்று ஒரு தாய் மான். அதன் புருஷன் சடையாண்டியின் நல்ல வாடிக்கையாளர்களில் ஒருவன், ஆகையால் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தது துடியன் என்ற ஒரே குட்டி. மான்களுக்குப் படிப்பெல்லாம் மூக்கு வழியாகத்தான். துடியன் எழுந்து நின்ற நாளிலேயே பூவாயி பாடத்தைத் தொடங்கிவிட்டது.

"சிறுத்தை வாசனை வந்தா ஓடு. தீ வாசனை வந்தா ஓடு. இலுப்பைப்பூ புளிச்ச வாசனை வந்தா அதுக்கும் ஓடுடா, திரும்பிக்கூடப் பாக்காத."

துடியனும் நன்றாக ஓடியது. ஜீரோ வரும்வரைக்கும்.

ஒருநாள் இருவரும் மேய்ந்துகொண்டிருந்தபோது காற்றில் அந்தப் புளித்த வாசனை வந்தது. பூவாயி ஓட்டம் பிடித்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் குட்டியைக் காணோம். துடியன் வாலை ஆட்டிக்கொண்டு வாசனை வந்த பக்கமே போய்க்கொண்டிருந்தது.

பூவாயி குட்டியையும் இழுத்துக்கொண்டு நேராக ராஜாவிடம் போய் முறையிட்டது. ராஜா ஒரு கண்ணை மட்டும் திறந்து, இளைஞர் நலக் குழுவைக் கூட்டச் சொன்னது. குழுவுக்குத் தலைவர் சிறுத்தை. "குட்டிகள்னா எனக்குத் தனிப் பிரியம்" என்று அது பல மேடைகளில் சொல்லியிருந்ததால் அந்தப் பதவி அதற்குக் கிடைத்திருந்தது.

ராஜா ஒரு ஜீரோவைக் குடித்துப் பார்த்தது. காத்திருந்தது. ஏப்பம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

"இதுல போதையே இல்லையேம்மா?"

"போதை இல்லைங்க ராஜா. வாசனை இருக்கு. ஓடுறதுக்குச் சொல்லிக் குடுத்த வாசனைக்கு எம்புள்ள வாலை ஆட்டுறான்."

"வாசனைக்கு எதிராச் சட்டம் ஏதும் இருக்கா?" என்று ராஜா கேட்டது. இல்லை என்றார்கள்.

சடையாண்டி கையைக் கட்டிக்கொண்டு பணிவாகப் பேசியது. "நான் என்ன கெடுதல் பண்ணிட்டேங்க? குட்டிங்க சரக்குப் பக்கம் போயிடக்கூடாதுங்கிற நல்ல எண்ணந்தான். சரக்குக்குப் பதிலா ஜீரோ."

"என் பையன் சரக்கே குடிச்சது கிடையாதே. எதுக்குப் பதிலா இது?" என்று பூவாயி கேட்டது.

பதிலுக்குக் காத்திராமல் கரடியின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, உங்க பையனுக்குக் குடுக்கிறீங்களா இதை?"

"அவன் வெளிக்காட்டுல படிக்கிறான்மா. தேன் மட்டுந்தான் குடிப்பான்" என்றது சடையாண்டி.

சிறுத்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னது. "குட்டிகளைக் கண்காணிக்க வேண்டியது தாயோட பொறுப்பு. எல்லாத்துக்கும் வியாபாரிங்களைக் குறை சொல்லிட்டு இருக்கக்கூடாது. இந்த மாதிரி குட்டிகள் மேல அக்கறை உள்ள தொழில்களை நாமதான் வளர்க்கணும்." சொல்லும்போது அதன் பார்வை ஏனோ துடியனின் தொடைமேலேயே இருந்தது.

காலம் போனது. துடியனின் நெற்றியில் இரண்டு மொட்டுகள் எட்டிப் பார்த்தன. மான் கூட்டத்தில் கொம்பு முளைத்த பிள்ளை முதலில் தாயிடம் வர வேண்டும். தாய் அந்த மொட்டை நக்கிவிட்டு, வேங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பட்டையில் மெல்ல உரசிவிடும். பூவாயி காலையிலிருந்து வேங்கை மரத்தடியில் காத்திருந்தது. துடியன் முதலில் போனது கடைக்கு.

நேற்றுவரை "வாடா" என்ற சடையாண்டி அன்றைக்கு "வாங்க தம்பி" என்றது. மொட்டுகளைத் தொட்டுப் பார்த்தது. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. பக்கத்துத் தட்டிலிருந்து, சுழி இல்லாத குப்பியை எடுத்துக் கொடுத்தது.

துடியன் சாய்த்துப் பிடித்து, நுரையை ஊதி, ஒரு மடக்கு இழுத்து "ஹா!" என்றது. "அதே ருசிதான். தொண்டை மட்டும் கொஞ்சம் எரியுது."

"எல்லாம் பழகினதுதானே தம்பி. அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

பூவாயி அதற்குள் வேங்கை மரத்தை விட்டுக் குளத்தங்கரைக்கு வந்திருந்தது. சாயங்காலம் கூட்டமே அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. துடியன் வந்து அம்மா பக்கத்தில் நின்றது. பூவாயி மொட்டை நக்கப் போய், நின்றுவிட்டது.

"என்னடா வாசனை இது?"

"ஜீரோம்மா. எப்பவும் குடிக்கிறதுதானே."

இதே வாசனையை வைத்துத்தான் புருஷன் குடித்த நாட்களையெல்லாம் பூவாயி கண்டுபிடித்தது. இப்போது அதே மூக்கை மகன் முகத்தருகே கொண்டுபோய் எவ்வளவு முகர்ந்தும் எது எது என்று தெரியவில்லை. குடிக்காத நாளிலும் இதே வாசனை, குடித்த நாளிலும் இதே வாசனை. நல்ல பொய்யாக ஒன்றைக் கரடி எல்லாக் குட்டிகளுக்கும் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தது.

அப்போது உச்சிக்கிளையில் மந்தி கத்தியது.

உண்மையாகவே கத்தியது. புதருக்குள் புள்ளிகள் அசைந்தன. பெரிய மான்கள் பறந்தன. குட்டிகளில் பாதி மேலே பார்த்து "மந்தி அக்கா!" என்று துள்ளின. தாய்மார்கள் முட்டித் தள்ளியதால் அவை பிழைத்தன. பூவாயி முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டியது. மான் பாஷையில் அதற்கு ஓடு என்று ஒரே அர்த்தம். மறுபடி தட்டியது. துடியன் சிரித்துக்கொண்டு நின்றது. நாலு காலும் நாலு பக்கம் போயின.

"நீ என்னம்மா டான்ஸ் ஆடுற?"

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கதையை ஆரம்பித்தவன் சொல்லித்தான் ஆக வேண்டும். சிறுத்தை துடியனைக் குறிவைத்துத்தான் பாய்ந்தது. பூவாயி நடுவில் வந்தது. துடியன் தண்ணீரில் விழுந்து அக்கரை சேர்ந்தது. பூவாயி சேரவில்லை.

சடையாண்டி நல்ல கரடி அல்லவா, அது சும்மா இருக்கவில்லை. அடுத்த பருவத்தில் 'பூவாயி அம்மாள் நினைவு ஜீரோ கோப்பை' என்று குட்டிகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தது. புல்வெளியைச் சுற்றிலும் சிரிக்கிற கரடி முகங்கள். இளைஞர் நலக் குழுத் தலைவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து தலைமை தாங்கினார். "ஒரு தாயின் தியாகம்" என்று அவர் பேசியபோது மந்திகூட செல்போனைத் தாழ்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

முதல் குப்பியைத் திறந்து வைக்கத் துடியனைக் கூப்பிட்டார்கள். மூடி திறந்தது. புளித்த வாசனை குப்பென்று வந்தது.

ஓடு என்று அம்மா சொன்னது துடியனுக்கு நினைவு வந்தது. குரலோடு நினைவு வந்தது. காலைப் பார்த்தது. கால் கிளம்பவில்லை. நாக்கில் எச்சில்தான் ஊறியது. துடியன் அழுதது. அழுதுகொண்டே, "அண்ணே, இது வேணாம், சுழி இல்லாதது குடுங்க" என்றது. கொம்பு இருந்ததால் கொடுத்தார்கள்.

வரிசையில் நின்ற குட்டிகள் தங்கள் குப்பிகளை அதேபோல் சாய்த்துப் பிடித்து, ஒன்றாக "ஹா!" என்றன.

நீதி: குட்டிகளுக்குச் சரக்கைக் கொடுப்பது குற்றம். சரக்குக்குக் குட்டிகளைக் கொடுப்பது இளைஞர் நலம்.