இரண்டு ஊரில் கொதித்த சாம்பார்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடமாடிய மனிதர்களில், டீ குடிப்பதற்கே நிபந்தனை போட்டவன் கேள்விக்குறி ஒருவன்தான்.

"அண்ணே, ஒரு டீ. இஞ்சி இருந்தா போடுங்க. இஞ்சி இல்லைங்கிறதுக்காக டீயை நிறுத்திராதீங்க."

"ஏலே, நான் எப்படா இஞ்சிக்காக டீயை நிறுத்துனேன்?" என்பார் டீ மாஸ்டர்.

"கம்ப்யூட்டர் நிறுத்தும்ணே. அந்தப் பழக்கத்துல சொல்றேன்."

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில். பிரவுசிங் சென்டர் ஒன்றில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே புரோகிராம் எழுத வந்தவன் அவன். செமாண்டிக் வெப் என்று ஒரு புது சங்கதியைப் பிடித்துக்கொண்டிருந்தான். எந்தத் தகவலையும் மூன்று துண்டாக எழுத வேண்டுமாம். 'இந்த மண்டபம், இருக்கும் ஊர், கன்னிவாடி' என்கிற மாதிரி. தெரியாத துண்டுக்கு ஒரு கேள்விக்குறி போட்டுக் கேட்டால், பொருந்துவதையெல்லாம் கம்ப்யூட்டரே கோத்துக் கொடுக்குமாம். அவன் எழுதும் ஒவ்வொரு வரியிலும் கொக்கி கொக்கியாகக் கேள்விக்குறி தொங்கும். பெயர் அப்படித்தான் வந்தது.

பஸ்ஸிலும் இதே கூத்துதான். கண்டக்டர் ஊர் கேட்டால், "இன்னும் முடிவாகலை. இப்போதைக்கு நீங்க போற எல்லா ஊருக்கும் நான் பொருந்துவேன்" என்பான்.

"அப்பு, பொருந்துற ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கணும்னா, உன் சட்டையையும் சேர்த்துத்தான் கிழிக்கணும்" என்று கண்டக்டர் இறக்கிவிட்டுப் போவார்.

எங்கள் முதலாளி இந்த வித்தையை வைத்துக் கல்யாணத் தொழிலில் இறங்கினார். மண்டபத்தைச் சொன்னால், அந்த ஊருக்கு வரும் சமையல்காரர் பெயர் திரையில் வரும். இரண்டையும் சேர்த்தே அவர் போனில் பேசி முடித்துவிடுவார். ஜனம் மொய்த்தது.

ஒருநாள் பவுனம்மா வந்து நின்றார். சுற்று வட்டாரத்தில் அவர் கைப்பக்குவத்துக்குத் தனிப் பேர் உண்டு.

"ஏப்பா, கரண்டி பிடிக்கத் தெரியாதவன் பேரெல்லாம் உங்க டிவியில வருது. என் பேரு வரமாட்டேங்குதே. இந்த முகூர்த்த மாசம் பூரா நான் அடுப்பே மூட்டலை."

கேள்விக்குறி தட்டிப் பார்த்தான். "உங்ககிட்ட போன் இல்லைக்கா. எந்த ஊர்னும் சொல்லலை. ஒரு துண்டு குறைஞ்சா ஆளையே தூக்கிருது."

"கூப்புட்ட ஊருக்கு வாரேன்னு சொன்னேனே! அப்ப நான் யாருடா, பேயா?"

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து, எல்லாத் துண்டுக்கும் 'இருந்தால் கொடு, இல்லாவிட்டால் விட்டுவிடு' என்று மாற்றி எழுதினான். பவுனம்மா பெயர் திரையில் வந்தது. கன்னிவாடி மண்டபத்துக்கு வந்தது. பழனிக்கு வந்தது. எந்த மண்டபத்தைத் தட்டினாலும் வந்தது! முதலாளி குஷியாகி, இரண்டு போனையும் இரண்டு காதில் வைத்துக்கொண்டு பேசி முடித்தார்.

அடுத்த முகூர்த்தம் நெருங்கிய வாரத்தில்தான் முதலாளி விழித்துக்கொண்டார். "ஏலே! ஒரே காலைல ஒரே அம்மா கன்னிவாடியிலயும் தொப்பம்பட்டியிலயும் எப்படிடா சாம்பார் கொதிக்க வைக்கும்?"

"அக்கா பேருக்கு ஊர்த் துண்டு காலியா இருந்துச்சுண்ணே. காலியா இருந்தா எல்லா ஊரோடயும் சேர்ந்துக்கும்."

"கம்ப்யூட்டரு சேர்ந்துக்கும். கல்யாண வீட்டுக்காரன் உதைப்பான்!"

பவுனம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "வேலை வரலைன்னு அழுதேன். இப்ப ஒரு வீட்டுக்குப் போகாட்டி, இனிமே ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டாங்களே."

கேள்விக்குறி எழுந்தான். "ஒரு ஊருக்கு நீங்க போங்கக்கா. இன்னொண்ணுக்கு உங்க நாத்தனாரை அனுப்புங்க. எடுபிடிக்கு நாங்க ரெண்டு பேரும் போறோம்." என்னை அவன் கேட்கவே இல்லை.

நாத்தனார் ராசாத்தியோடு தொப்பம்பட்டி போய்ச் சேர்ந்தோம். வெந்நீர்கூட வைத்தறியாத அவனிடம் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொடுத்தார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஒரு வெங்காயத்துக்கு இத்தனை அழுகைங்களா? பொண்ணைப் பெத்த நானே இன்னும் அழுகலைங்க."

சாம்பார் கொதித்தது. சாமிக்கு முதல் இலை போடும்வரை ருசி பார்க்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ராசாத்தி இலைக்கட்டை எண்ணி வாங்க வெளியே போயிருந்த நேரம், ஒத்தாசைக்கு வந்த அம்மாள் ஒருத்தர் கை நிறைய உப்பை அள்ளினார்.

"உப்புப் போட்டதா ஆரும் சொல்லலீங்க. அப்ப போடலைன்னுதானுங்களே?"

கேள்விக்குறி கண்ணில் நீர் வழிய ஓடி வந்து, அண்டாவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான். "போடலைன்னும் யாரும் சொல்லலையே! தெரியாததை இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க! இந்தத் தப்பைப் பண்ணித்தான் நான் ஒரு ஆளையே காணாமப் பண்ணுனேன்!"

அடுப்படியே அவனைப் பார்த்தது. பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ராசாத்தி திரும்பி வந்தார்.

"ஐயோ, நான் அப்பவே போட்டுட்டேனே! இன்னொரு கை விழுந்திருந்தா பவுனு மதினி பேரு இன்னைக்கோட போயிருக்குமே!"

முதல் பந்தி எழுந்ததுமே பெண்ணின் அப்பா அடுப்படிக்கு வந்தார். "என் தங்கச்சி வீட்டு விசேசத்துக்கும் நீங்களேதானுங்க" என்றார். கன்னிவாடியிலும் குறை ஒன்றும் இல்லை என்று போன் வந்தது. ராசாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வெங்காயத்தால் இல்லை.

கடைசிப் பந்தி போட்டார்கள். தலையெல்லாம் புகையடித்து, யாரும் கூப்பிடாமல் கேள்விக்குறி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். நானோ, என் கல்யாணத்திலேயே குனிந்த தலை நிமிராதவன். அன்றைக்கு என் பக்கத்து இலைமேல் கையை விரித்து வைத்துக்கொண்டேன்.

"இங்க ஆளு வருதுங்களா?" என்றார் ஒருவர்.

"வருது," என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "என் ஆளு."