மூச்சை மெதுவாக விடவும்

என் வீட்டுக்காரிக்கு,

நீ இல்லாத வீட்டைக் காத்துவரும் உன் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கழுவாத பாத்திரங்களும் சுகம். அங்கே நீ, மகள், மாப்பிள்ளை, புதுப் பேத்தி எல்லோரும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும்.

பேத்திக்குத் தலை நிற்கும்வரை இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக இரு. எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. அதைப் பிடுங்கப் போன கதையைக் கேள். நாற்காலியில் சாய்த்ததும் நர்ஸம்மா விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார், பக்கத்திலிருந்த மெஷின் என் நெஞ்சுத் துடிப்பை ஊருக்கே கேட்கும்படி கத்தத் தொடங்கியது. டாக்டர் இன்னும் கையுறைகூடப் போடவில்லை, ஊசி கண்ணிலேயே படவில்லை, வரப்போகிறது என்ற நினைப்பிலேயே நெஞ்சு தறிகெட்டு ஓடுகிறது. நான்தான் பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே குறுகலான பாலம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்பவனாயிற்றே, நான் வயிற்றை எக்கினால் வண்டியும் இளைத்துவிடும் என்று ஒரு நினைப்பு. அங்கேயும் அப்படியே பிடித்தேன், முடியாமல் போனதும் புஸ்புஸ்ஸென்று இரைத்தேன், மெஷின் இன்னும் கத்தியது. "ஐயா, நீங்க மூச்சைப் பிடிச்சா பல்லு சின்னதாகாது" என்றார் நர்ஸம்மா. மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடச் சொன்னார். விட்டேன். மெஷின் சமர்த்தாக அடங்கிப்போனது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணை மூடி, பிடித்தமான எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நீ கையில் பையோடு வாசலில் வந்து நிற்பதை நினைத்தேன். அவ்வளவுதான், மெஷின் முன்பைவிடப் பலமாகக் கத்தியது. யாரை நினைத்தீர்கள் என்று நர்ஸம்மா கேட்க, பழைய டிப்போ மேனேஜரை என்று சொல்லிச் சமாளித்தேன். இன்னொரு நாள் துணைக்கு ஆளோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப்போகிறேன். இதற்காக நீ ஓடிவர வேண்டாம்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்திக்கு என் முத்தத்தை நீயே கொடுத்துவிடு, மீசை குத்தாது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: இன்னொரு நாள் வரச் சொன்னார்கள் என்று மேலே எழுதியது பொய், அதைப் படித்து நீயாகவே ஓடிவருவாய் என்று ஒரு நப்பாசை. பல்லை அன்றைக்கே பிடுங்கிவிட்டார்கள். வலியும் போய்விட்டது. 'தாராளமாக இரு' என்று எழுதும்போது நர்ஸம்மா சொன்னபடியெல்லாம் மூச்சு விட்டுப் பார்த்தேன், நெஞ்சு அடங்கவில்லை. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை, வந்துவிடு. எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே, அந்த வண்டி வரும்வரை என் நெஞ்சு தாங்காது. சும்மா வந்து கதவைத் தட்டு.